மூன்று மீட்டர், இரண்டு வினாடி: ஓர் ஒலிப்பீரங்கி வழக்கும் நம் ஊர் நாற்சந்திகளும்

2014 டிசம்பர் 5, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கு. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 57-ஆம் தெருவும் மேடிசன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் கூட்டம் நின்றிருந்தது. எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கழுத்து இறுக்கப்பட்டு இறந்த வழக்கில், அந்தப் போலீஸ்காரர் மீது குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) மறுத்து இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஊர் முழுக்க ஊர்வலம். அந்தச் சந்திப்பில் சிலரைக் கைது செய்தார்கள், மிளகுத் தூள் அடித்தார்கள், கூட்டத்திலிருந்து ஏதோ வீசப்பட்டது. அப்போது இரண்டு போலீஸ்காரர்கள் கையில் தூக்கிப் பிடிக்கக்கூடிய சதுரப் பலகை போன்ற ஒரு கருவியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். மூன்று நிமிடத்துக்குள் 15 முதல் 20 முறை வரை அதன் சைரன் தொனி ஒலித்தது என்றும், சில நேரம் பத்து அடிக்கும் குறைவான தூரத்திலிருந்து ஆட்கள் மீது திருப்பப்பட்டது என்றும் பின்னால் வழக்குப் போட்டவர்கள் மனுவில் சொன்னார்கள்.

கருவியின் பெயர் எல்ராட் 100எக்ஸ். தொலைதூர ஒலிக்கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எல்ராட். போராட்டக்காரர்களும் பத்திரிகைப் படக்காரர்களுமாகச் சிலர் 2016-இல் வழக்குத் தொடுத்தார்கள். காது வலி, ஒற்றைத் தலைவலி, நாள்கணக்கில் காதுக்குள் இரைச்சல், தலைசுற்றல் என்று ஆளுக்கொரு குறை. ஒருவருக்கு ஒலியின் அழுத்தத்தால் காதெலும்பு உள்பக்கம் தள்ளப்பட்டு நரம்பைப் பாதித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னதாகவும் மனுவில் இருந்தது. "இது வெறும் ஒலிபெருக்கிதானே, ஆயுதமா என்ன?" என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதத்தில் சாரம். 2018 ஜூன் 13 அன்று இரண்டாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வன்முறையில் இறங்காத கூட்டத்தை நடைபாதைக்கு ஏற்றுவதற்காக, கடுமையான காயம் உண்டாக்கக்கூடிய விதத்தில் இந்தக் கருவியைத் தெரிந்தே பயன்படுத்துவது அளவு மீறிய பலப்பிரயோகம் ஆகலாம் என்றது. 2021-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வழக்குச் செலவையும் சேர்த்து நகராட்சி கொடுத்தது 7,48,000 டாலர். கூட்டத்தின் மேல் அந்தச் சைரன் தொனியைப் பயன்படுத்துவதில்லை என்று போலீஸும் ஒப்புக்கொண்டது. அறிவிப்புச் சொல்வதற்குக் கருவி இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

தருமபுரியிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எட்டுவழிச் சாலை, எரிவாயுக் குழாய் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் சாலைக்கு வந்த வரலாறு நீளமானது. 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழா அனுமதிக் குழப்பத்தில் தேசிய நெடுஞ்சாலை மணிக்கணக்கில் மறிக்கப்பட்டபோது இறங்கியவை தடியடி, கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சல். ஒலிக்கருவி அதில் இல்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் விவசாயிகள் டில்லி நோக்கிக் கிளம்பியபோது எல்லையில் எல்ராட் கருவிகளைத் தயார் நிலையில் வைத்தார்கள் என்ற செய்தி நாடு முழுக்க வந்தது. டில்லிக்கு வந்தது இங்கே வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. அது வராவிட்டாலும், ஓசையெழுப்பும் கைக்குண்டு நாட்டிலேயே, குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைப் பிரிவில் தயாராகிறது. அதுவும் காதைத்தான் தாக்கும்.

கருவி எப்படி வேலை செய்கிறது

முதலில் மர்மத்தைக் கலைத்துவிடுவோம். எல்ராட் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். 2000 அக்டோபரில் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் யூ.எஸ்.எஸ். கோல் மீது வெடிபடகு மோதிய பிறகு, நெருங்கி வரும் படகைத் தூரத்திலிருந்தே எச்சரிக்க உருவாக்கப்பட்டது. சாதாரண ஸ்பீக்கரில் ஒரே பெரிய கூம்பு அசையும். இதில் சிறிய ஒலி உமிழிகள் பல ஒரே தட்டையான பலகையில் வரிசையாக அடுக்கப்பட்டு ஒரே கணத்தில் சேர்ந்து அதிர்கின்றன. முன்பக்கம் அலைகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. பக்கவாட்டில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதனால் டார்ச் வெளிச்சம் போல ஒலி ஒரு பக்கம் குவிகிறது.

சைரன் தொனி பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) வட்டத்தில் வைக்கப்படுவதும் தற்செயல் அல்ல. மனிதக் காதுக்குழாயின் நீளத்துக்கு அதன் சொந்த அதிர்வு சுமார் 3,000 ஹெர்ட்ஸில் விழுகிறது. அந்த ஒலியைக் காதே தன் பங்குக்குப் பெருக்கி உள்ளே அனுப்பும். குழந்தை அழுகை நம்மை உலுக்குவதும் இந்த வட்டத்தில்தான்.

வயிற்றைக் கலக்கும் கேளா ஒலி, மூளையைக் குழப்பும் கதிர் என்று வாட்ஸாப்பில் சுற்றும் கதைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கியூபாவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பதிவுசெய்து ஊடகங்களில் ஒலிபரப்பான 'மர்ம ஒலி' ஒரு சிள்வண்டு இனத்தின் குரல் என்று 2019-இல் பூச்சி ஆய்வாளர்கள் காட்டினார்கள். தென்பெண்ணைக் கரையோரம் மழைக்கால இரவில் படுத்துறங்கியவருக்கு இது பெரிய வியப்பு இல்லை. ஒலி ஆயுதத்தைப் பற்றிய பயம் காரணமில்லாமல் பெருகும்போது உண்மையான ஆபத்தான காது நரம்புச் சேதம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

அந்த மூன்று நிமிடத்தின் கணக்கு

நியூயார்க் போலீஸே 2010-இல் இந்தக் கருவியைச் சோதித்து ஓர் உள்ளறிக்கை எழுதியிருந்தது. 136 டெசிபெல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) வரை எழுப்பும், 120-க்கு மேல் காதுக்குச் சேதம் உண்டாக்கலாம், கருவிக்கு முன்னால் ஆபத்துப் பகுதி உண்டு என்றெல்லாம் அதில் இருந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லாமல் போனதற்கு அந்தக் காகிதம் முக்கியக் காரணம்.

136 என்பது கருவிக்கு ஒரு மீட்டர் முன்னால். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் குறையும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். இரண்டையும் சேர்த்தால் வருவது இது: 3 மீட்டரில் 126.5 டெசிபெல், தாங்கும் நேரம் 2 வினாடி. 6 மீட்டரில் 8 வினாடி. 12 மீட்டரில், அதாவது நம் டவுன் பஸ் ஒன்றின் நீளம் தள்ளி நின்றால், அரை நிமிடம். இரண்டு பஸ் நீளத்தில் 2 நிமிடம். 50 மீட்டரில் ஒன்பதரை நிமிடம். 100 மீட்டரில் 96 டெசிபெல், 38 நிமிடம். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டால் மீதியைத் தெருவில் நின்றபடியே கணக்குப் போடலாம்.

அந்த இரவுக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் இரண்டே வினாடிதான் ஒலித்தது என்று வைத்துக்கொண்டாலும், 15 முதல் 20 முறை என்றால் 30 முதல் 40 வினாடி. பத்து அடியில் நின்றவர் ஒரு நாளைக்கு ஆகும் அளவைப் போல 15, 20 மடங்கை மூன்று நிமிடத்தில் வாங்கியிருப்பார். அதோடு, இருபுறமும் உயரமான கட்டடம் உள்ள தெருவில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும். திறந்தவெளிக் கணக்கு சொல்வதைவிட உண்மையில் பட்டது கூடுதலாகத்தான் இருக்கும். அதே தெருவில் 50 மீட்டர் பின்னால் நின்றவருக்கு அது எரிச்சலூட்டும் சத்தம், அவ்வளவுதான். "எனக்கு ஒன்றும் ஆகலையே" என்று ஒருவரும் "காது போச்சு" என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டும் பொய்யில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு எச்சரிக்கை. 100எக்ஸ் சின்னது. எடை ஏழு கிலோவுக்கும் குறைவு, ஏறக்குறைய முக்கால் முழச் சதுரம். வண்டி மேல் பொருத்தும் 1000எக்ஸ் ரகம் ஒரு மீட்டரில் 153 டெசிபெல் என்று விற்கப்பட்டது. அதில் 100 மீட்டரிலும் 113 வரும், தாங்கும் நேரம் முக்கால் நிமிடம். 200 மீட்டர் போனால்தான் மூன்று நிமிடம். ஆக, பலகையின் அளவைக் கண்ணால் பார்ப்பதே முதல் தகவல். கையில் பிடித்திருக்கிறார்களா, வண்டிக் கூரையில் சுழலும் தாங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலகுவது எப்பக்கம்

பயத்தில் எல்லோரும் நேர்பின்னால் ஓடுவார்கள். அது தவறான திசை. பின்னால் ஓடும்போது குவிந்து வரும் ஒலிக் கற்றைக்குள்ளேயே ஓடுகிறீர்கள். 25 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குப் போனால் குறைவது 6 டெசிபெல்தான். பக்கவாட்டில் போவது லாபம்.

எவ்வளவு பக்கவாட்டில் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் 30 பாகைக் கற்றை என்று போட்டிருக்கும். மையக்கோட்டிலிருந்து 15 பாகை தாண்டினால் தப்பித்தோம் என்று நினைப்போம். அந்த 15 பாகை 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சொன்னது, அங்கே குறைந்திருப்பது வெறும் 3 டெசிபெல். சைரனின் உயர்ந்த தொனி அதைவிடக் குறுகிய கற்றையில் போகும் என்பது உண்மை. ஆனாலும் கருவியைத் திருப்புகிறவர் கை சும்மா இருக்காது. 30 பாகை தள்ளிப் போவதை இலக்காக வையுங்கள். கருவி 50 மீட்டரில் என்றால் பக்கவாட்டில் சுமார் 30 மீட்டர், 100 மீட்டரில் என்றால் 60 மீட்டர்.

தருமபுரி நான்கு ரோட்டில் இதைப் பொருத்திப் பார்த்தால் விடை எளிது. சந்திப்பில் நிற்கும் கூட்டத்துக்குப் பக்கச் சாலை இருக்கிறது. கடை முனை திரும்பினால் கட்டடமே மறைப்பு. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். அந்த அளவு அலைக்கு ஒரு கட்டட முனையோ, நின்றிருக்கும் லாரியோ நல்ல நிழல் தரும். தாழ்ந்த ஒலி வளைந்து வரும், இது அவ்வளவாக வளையாது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலும் அப்படியே, அங்கே வழிகள் இன்னும் அதிகம். மோசமான இடம் நெடுஞ்சாலை. இருபுறமும் தடுப்புச் சுவர், நடுவில் மீடியன், மேம்பாலம் என்றால் அடியில் எதிரொலி. தொப்பூர் கணவாய் போல ஒருபுறம் பாறை வெட்டு உள்ள இடத்தில் பாறையே ஒலியைத் திருப்பி அனுப்பும். சாலை மறியலுக்கு இடம் தேர்வு செய்கிறவர்கள் போக்குவரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் இறங்க வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணீர்ப்புகைக்கும் அதே வழிதான் வேண்டும்.

கதவு, ஷட்டர், பெரிய விளம்பரத் தட்டி எதிரில் நிற்காதீர்கள். முன்னால் வரும் ஒலியும் முதுகுக்குப் பின்னால் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து படும். தகரத்தையோ பிளைவுட்டையோ கேடயமாகப் பிடித்தால் பின்னால் நிற்பவருக்கு உதவும், உண்மைதான். ஆனால் சாய்த்துப் பிடித்த தகரம் அந்த ஒலியைப் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு அனுப்பும். தகரத்தோடு நிற்பவரைப் போலீஸ் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் கருத்தில் கேடயம் வேண்டாம், முனை திரும்புவதே மேல்.

நேரமும் கணக்கில் வரும். மத்தியான வெயிலில் தரை சூடாகி மேலே போகப் போகக் காற்று குளிர்ந்திருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்து சீக்கிரம் மங்கும். இரவிலும் பனி பெய்யும் விடியலிலும் தலைகீழ்: தரையோரக் காற்று குளிர்ந்து, ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். ஓசூர்ப் பக்கம் மார்கழி விடியலில் தொலைதூரக் கோயில் ஸ்பீக்கர் பக்கத்து வீட்டில் பாடுவது போலக் கேட்பதும் இதனால்தான். இரவு மறியலில் தூரக் கணக்கை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள்.

காதடைப்பான்: பதினைந்து ரூபாய்ப் பொருள், பாதிப் பேர் தவறாகப் போடுவது

பஞ்சு வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பஞ்சில் நிற்பது ஐந்து முதல் பத்து டெசிபெல், அதற்கு மேல் இல்லை. துண்டைத் தலையில் சுற்றுவது அதைவிட மோசம், முழு ஹெல்மெட்டும் இதற்காகச் செய்ததல்ல. பாட்டுக் கேட்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' இயர்போன் பஸ் என்ஜின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிக்கானது. 3,000 ஹெர்ட்ஸ் சைரனை அது ரத்து செய்யாது.

வேண்டியது நுரை இயர் பிளக். மருந்துக்கடையில் தூக்கத்துக்கென்று விற்பதும் ஓசூர் சிப்காட் பக்கத்துப் பாதுகாப்புப் பொருள் கடைகளில் தொழிலாளிக்கென்று விற்பதும் ஒன்றேதான். பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும், எவ்வளவு ஒலியைக் குறைக்கும் என்பதன் அளவு அது. 29 முதல் 33 வரை பார்த்து வாங்குங்கள். அந்த எண் ஆய்வகத்தில் நிபுணர் மாட்டிவிட்டு எடுத்தது. நடைமுறைக்கு 7-ஐக் கழித்து பாதியாக்கிக் கொள்வது வழக்கம்: 29 என்றால் 11 டெசிபெல்தான் உறுதி.

அலட்சியமாகச் செருகிய பிளக் 11 டெசிபெல் தந்தால், நியூயார்க்கின் பத்து அடி தூரத்தில் 2 வினாடி 25 வினாடியாகும். அதே பிளக்கைச் சரியாகப் போட்டு 25 டெசிபெல் எடுத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். பொருள் ஒன்று, விலை ஒன்று. வித்தியாசம் விரலில் இருக்கிறது.

போடும் முறை இது. கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை இரு விரலுக்கு நடுவே மெல்ல உருட்டி, பீடிக் கட்டையைவிட ஒல்லியாக, மடிப்பு விழாமல் சுருக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு வழியே ஒலி போகும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், காதுக்குழாயின் வளைவு நிமிரும். உடனே உள்ளே தள்ளி, விரல் நுனியால் முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். இந்த முப்பதை எண்ணாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. நுரை விரியும்போது தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக்கின் முனை காதிலிருந்து துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாக இறங்கவில்லை. போட்ட பிறகு உரக்கப் பேசுங்கள்: குடத்துக்குள் பேசுவது போல இரு பக்கமும் சமமாக உங்கள் குரல் முழங்க வேண்டும். உள்ளங்கையால் இரு காதையும் மூடித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் தெரிந்தால் அடைப்பு சரியில்லை.

இதையெல்லாம் சைரன் கேட்ட பிறகு செய்ய முடியாது. இரண்டு காதுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், உங்களிடம் இருப்பது வினாடிக் கணக்கு. கருவி கண்ணில் பட்டவுடன் போடுங்கள். போட்ட பின் கைச்சைகைக்கு மாறுங்கள். பிளக் போட்டவருக்குக் கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பும் பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் மங்கிவிடும். காது திறந்திருக்கும் ஒருவர் ஓரமாக நின்று அறிவிப்பைக் கேட்டுக் கையசைத்துச் சொல்வது நல்ல ஏற்பாடு.

பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டால் விரல் போதும், உண்மையாகவே போதும். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பைச் சுட்டுவிரலால் துளையின் மேல் அழுத்தி அடையுங்கள். நன்றாக அடைத்தால் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையும். கொடி பிடித்த கை, போன் பிடித்த கை என்று இருந்தால் இது நடக்காது. படம் எடுப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள், இரு கையும் கேமராவில் இருக்கும். அவர்கள் முதலிலேயே பிளக் போட வேண்டும்.

இயர் மஃப் (காதை வெளியிலிருந்து மூடும் மெத்தைக் கவசம்) போடுகிறவர்களுக்கு: கண்ணாடிக் கம்பி, ஜிமிக்கி, தலைப்பாகை மடிப்பு, கொண்டை ஊசி எது இடையில் வந்தாலும் மெத்தை காதைச் சுற்றி ஒட்டாது. சிறு இடுக்கு போதும், சில டெசிபெல் ஓடிவிடும். பிளக்கும் மஃப்பும் சேர்த்துப் போட்டால் இரண்டின் எண்களும் கூடாது. பெரிய எண்ணோடு ஏறக்குறைய 5-ஐச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. 40, 50 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க எந்த அடைப்பானாலும் முடியாது, ஒலி மண்டையெலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடும். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் அதை அணைத்துவிட்டு, அச்சு மட்டும் காதிலேயே இருக்க விடுவது நல்லது, அது அடைப்பாக உதவும். குழந்தையின் சிறிய காதுக்குழாயில் பெரியவர் பிளக் இறங்காது. குழந்தையை முன்வரிசைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கண்ணீர்ப்புகை பட்ட நுரை பிளக்கை மறுபடி போடாதீர்கள். நுரை அந்தத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த நாள் காதுக்குள் எரியும்.

வெடியோசை வேறு

ஓசைக் குண்டு கணநேரத்து வெடிப்பு. அமெரிக்க ராணுவத்தின் எம்84 போன்றவை ஒன்றரை மீட்டரில் 170 முதல் 180 டெசிபெல். காதுக்குள் ஒரு சிறு தசை உண்டு. பெரிய ஒலி கேட்டால் சுருங்கி, எலும்புச் சங்கிலியை இறுக்கி ஓரளவு தடுக்கும். ஆனால் அதற்கு நூறு மில்லிவினாடி அளவில் நேரம் வேண்டும். வெடிப்பு அதற்குள் வந்து போய்விடும். ஆகவே இங்கே முன்கூட்டிப் போட்ட பிளக் மட்டுமே காப்பு. தரையில் உருண்டு வருவதைக் காலால் தட்டிவிடவோ எடுத்து வீசவோ வேண்டாம், கை போகும். முதுகு காட்டி விலகிக் காதை அடையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க: இந்தியாவில் பட்டாசுக்கு அனுமதித்த எல்லை நான்கு மீட்டரில் 145 டெசிபெல் உச்சம்.

நெரிசலும் ஒரு காயம்

காது சம்பந்தப்படாத ஆபத்தை செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடு காட்டியது. 2025 மார்ச் 15 அன்று, நோவி சாட் ரயில் நிலையக் கூரை இடிந்து இறந்தவர்களுக்காக ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நின்றிருந்தபோது, ஏதோ பெரிய வண்டி பாய்ந்து வருவது போன்ற சத்தம் கேட்டதாகச் சொல்லிக் கூட்டம் இரண்டாகப் பிளந்து சிதறியது. எந்தக் கருவி என்பதில் அரசுக்கும் போராட்டக்காரர்களுக்கும் சண்டை ஓயவில்லை. எல்ராட் வாங்கி வைத்திருந்ததை மட்டும் அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஒலிக்கருவி பயன்படுத்துவதைத் தடுக்க இடைக்கால உத்தரவு போட்டது. நமக்கு வேண்டிய பாடம் சிறியது: அந்த வகைச் சத்தத்தில் உடம்பு தானாகவே ஓடும். ஓடும் கூட்டத்தில் விழுந்தால் காது இரண்டாவது கவலைதான். கையை மார்புக்கு முன்னால் மடித்து வைத்து, கூட்டத்தோடு மூலைவிட்டமாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனியாதீர்கள்.

அடிபட்ட பிறகு

காதில் 'ஙொய்' என்ற இரைச்சல், பஞ்சு அடைத்தது போன்ற மந்தம். இவை பெரும்பாலும் 16 முதல் 48 மணி நேரத்தில் தணியும். அதுவரை அமைதியான இடம், இயர்போன் கிடையாது, மைக் செட் பக்கம் போவது கிடையாது. தணிந்துவிட்டது என்பதால் சேதமே இல்லை என்று ஆகாது.

வீட்டில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. காய்ச்சிய நல்லெண்ணெய், பூண்டு தட்டிப் போட்ட எண்ணெய், மூலிகைச் சாறு எதையும் காதில் விடாதீர்கள். பாட்டி சொன்னது எறும்பு புகுந்த காதுக்கு. செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதில் போய்ச் சீழ் கட்டும். ரத்தமோ நீரோ வடிந்தால் காதை நனைக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். வலிக்கு பாரசிட்டமால் எடுக்கலாம். ஆஸ்பிரின் அதிக அளவில் தானே காது இரைச்சல் உண்டாக்கும் மருந்து.

ஒரு காது மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தாலோ, தலைசுற்றல் நிற்காவிட்டாலோ, 24 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ தாமதிக்கக் கூடாது. நரம்பு சார்ந்த திடீர்க் கேள்விக்குறைவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை முதல் சில நாளில் தொடங்கினால்தான் பயன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் அதிகம் எதிர்பார்க்க முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் (கேள்திறன் சோதனை வரைபடம்) கேளுங்கள். 3,000, 4,000, 6,000 ஹெர்ட்ஸ் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒலிச்சேதம் 4,000-ஐ ஒட்டி ஒரு பள்ளமாகத்தான் விழும். 3,000-ஐயும் 6,000-ஐயும் விட்டுவிட்டு எடுத்தால் பள்ளத்தின் கரை தெரியாமல் போகும்.

அவசரப் பிரிவில் போனவுடன் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டாலே புரியும். "காது வலி" என்று மட்டும் எழுதவிடாமல் நேரம், இடம், எவ்வளவு தூரத்தில் எந்த மாதிரிக் கருவி, எத்தனை முறை ஒலித்தது என்று சொல்லி எழுதவையுங்கள். நியூயார்க் வழக்கு தள்ளுபடியாகாமல் நிலைத்ததற்கு ஒரு காரணம், எவ்வளவு தூரம், எத்தனை முறை என்பது எண்ணாகச் சொல்லப்பட்டது. போனில் எடுத்த வீடியோ டெசிபெல்லை நிரூபிக்காது. போன் மைக் அந்த அளவுக்கு வெகு முன்பே அடைத்துக்கொண்டு ஒரே மட்டத்தில் நின்றுவிடும், டெசிபெல் ஆப் காட்டும் எண்ணும் அதனால் பயனற்றது. ஆனால் கருவி எங்கே, நீங்கள் எங்கே, எத்தனை தடவை என்பதை வீடியோ நிரூபிக்கும். பின்னணியில் ஒரு கடைப் பலகையோ மின்கம்பமோ வரும்படி எடுங்கள், பிறகு போய் டேப் பிடித்து அளக்கலாம்.

சிப்காட் தொழிற்சாலைகளிலும் கிரானைட் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. பழைய ஆடியோகிராம் தொழிற்சாலை மருத்துவக் கோப்பில் இருந்தால் அது முன்–பின் ஒப்பீட்டுக்குக் கையில் கிடைத்த ஆதாரம். இல்லாவிட்டால், "இந்தக் குறை ஏற்கெனவே மிஷினால் வந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் இருக்கும். கல் அறுக்கும் காதிலும் அதே 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம்தான் விழும்.

கடைசியாக நம் பக்கத்துக் கணக்கு ஒன்று. ஆட்டோ மேல் கட்டும் 100 வாட் கோன் ஸ்பீக்கர் முழு ஏற்றத்தில் ஒரு மீட்டரில் 125 முதல் 130 டெசிபெல் கொடுக்கும். பேச்சில் இடைவெளி இருப்பதால் சராசரி குறையும். ஆனால் மைக்கில் 'கீ...' என்று ஊளை கிளம்பும்போது அதில் இடைவெளி ஏது? எல்ராட் இதுவரை வராத ஊரில், ஆர்ப்பாட்டத்தில் காது கெட்டவர்களில் பெரும்பாலோர் சொந்தக் கோன் ஸ்பீக்கருக்கு எதிரில் கொடி பிடித்து நின்றவர்களாகத்தான் இருப்பார்கள். ஸ்பீக்கரை ஆள் உயரத்துக்கு மேலே, மூன்று மீட்டரில் கட்டுங்கள். வாயை முன்வரிசைத் தலைக்கு மேலாகத் தூரத்தை நோக்கித் திருப்புங்கள். நேர் எதிரே ஐந்து மீட்டருக்குள் யாரும் நிற்காமல் கயிறு கட்டுங்கள். ஊளை வந்தால் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைப்பதற்கு முன் மைக்கை ஸ்பீக்கரின் பின்பக்கம் கொண்டுபோங்கள், அதிலேயே நின்றுவிடும்.